மாமன் என்ற சொல்லுக்குப் பிறகு

எங்கள் தெருவில் ஒருவரைப் பற்றி வெறும் பேச்சில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டு நாள் பேசுவார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு மாறிவிடும். ஆனால் துஷ்டி வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரியில் வைத்துச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அது ஆளோடு ஒட்டிக்கொள்ளும்.

நாலு வீடு தள்ளி ஒரு தையற்கடைக்காரர் இருந்தார். பெற்ற தாய்க்கு ஒழுங்காகச் சோறு போடுவதில்லை என்று தெருவே அவரைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தாய் இறந்தபோது மூத்த மகள் வந்து உட்கார்ந்து, மூலையில் கிடந்த தண்ணீர்ப் பானை என்று அம்மாவைப் பாடினாள். மொண்டு குடித்தவர்கள் எத்தனை பேர், மூடி வைத்தவர் யார் என்று ஒரே ஓர் அடி. அதில் அவர் பேரும் இல்லை, சோறும் இல்லை. ஒரு பானையும், ‘மொ’வும் ‘மூ’வும் அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் ‘மூடாத பானை’ ஆகிவிட்டார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் கடையைச் சிவகாசிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஓர் ஆளை ஊரைவிட்டே அனுப்பும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே தாத்தா இறந்த அன்று காலையில் அப்பா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை. அத்தை வர வேண்டியிருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கான்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வத்திராயிருப்பு சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை களைகட்டும் என்பார்கள். குரல் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். இன்னார் இன்னது செய்தார் என்று நேராகச் சொல்லவே மாட்டாள். கிணறு, வாழை, கொடி, குருவி என்று எதையாவது சொல்லிக்கொண்டு போவாள். கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த அத்தையும் அப்பாவும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விஷயம் காதுகுத்து. அத்தை மகளுக்கு முடி எடுத்துக் காது குத்துகிறபோது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். அது எங்கள் பக்கத்தில் மாற்ற முடியாத முறை. அண்ணன் பட்டு எடுத்துக்கொண்டு வருவார், மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வார் என்று அத்தை காத்திருந்தாள். அப்பாவோ, அத்தை வீட்டு மாமா நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் பத்திரிகையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டார் என்று சொல்லி, வேட்டியைக்கூட மாற்றாமல் வீட்டிலேயே இருந்துகொண்டார். தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு தனியாகப் போய்வந்தார். கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தார்களாம். அவர் மேல் அடித்த பீடி நாற்றத்தில், ஊசி படுவதற்கு முன்னாலேயே பிள்ளை அழுததாம்.

அப்பா மில்லில் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சுகூடத் தட்டாமல், வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எப்போதும் முழுக்கைச் சட்டையோடு நிற்கிற மனிதர் அன்று துண்டோடு நின்றார். அதுவே அவருக்குப் பாதி கூச்சம். தங்கை வராமல் இருந்துவிட்டால், அப்பன் சாவுக்குக்கூடப் பெண்பிள்ளையை வரவிடாத வீடு என்று ஆகிவிடும். வந்தாலோ, பாடுவாள்.

அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னார்.

“அவ வந்தா சும்மா இருக்க மாட்டா. பந்தல்ல மில்லு ஆளுக அம்புட்டுப் பேரும் இருக்காங்க.”

“வரட்டும். வராட்டாத்தான் அசிங்கம்,” என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள்.

அம்மாவின் திட்டம் என்னவென்றால், கான்சாபுரத்திலிருந்து வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி எங்கள் ராஜபாளையத்துக்கு பஸ் மாற வேண்டும் அல்லவா, அங்கேயே நான் போய் நின்று அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பிள்ளையைப் பார்த்தால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். மீதிப் பாதியை இங்கே வந்து இறக்கிக்கொள்ளலாம். துணைக்கு என் தாய்மாமா. பார்த்ததும் அழ வேண்டும் என்றும் அம்மா சொல்லி அனுப்பினாள்.

எனக்குக் கொண்டாட்டம். தாத்தா செத்துப்போனது வருத்தம்தான், ஆனால் அந்த வீட்டில் காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஆறாம் வகுப்பில் என்னை அடக்குவதற்கென்றே எங்கள் தமிழம்மா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். அதற்கு எதுகையாக யார் முதலில் சொல் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு சாக்பீஸ். கை தூக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, கத்திவிட வேண்டும். ‘பாலை’ என்று அவர் எழுதி முடிப்பதற்குள் நான் ‘மாலை, சோலை, வேலை’ என்று எழுந்து நிற்பேன். வீட்டு அலமாரியில் என் சாக்பீஸ்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு வண்டி வருவதாகத் தெரியவில்லை. மாமா ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டு பால்கோவாக் கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடையைப் பார்த்தார். துஷ்டி நாளில் இனிப்பு வாங்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். கடைசியில் எதிர்த்த கடையில் இரண்டு வடை வாங்கி, ஒன்றை என் கையில் திணித்து, “அம்மாட்ட சொல்லாத,” என்றார். நான் வடையைத் தின்றுகொண்டே வண்டிகளின் போர்டை எல்லாம் ஒருமுறை படித்தேன். பிறகு எதிர்ப்பக்கமிருந்து படித்தேன். கோபுரத்தின் மேலே புறாக்கள் எழும்புவதும் உட்காருவதுமாக இருந்தன. அவற்றுக்கும் என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி வந்தபோது என் வாயில் வடை இருந்தது. அத்தை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளைக்கு ஐந்து வயதிருக்கும், இடுப்பில் வைக்கிற வயது தாண்டிவிட்டது. அத்தை அழுதுகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வேலைக்குக் கிளம்புகிற ஆள் முகம் மாதிரி இறுகிக் கிடந்தது. மாமா ஓடிப்போய், “வாங்க மதினி, கான்சாபுரத்து அண்ணன் வரலையா?” என்றார். மாலை வாங்கிக்கொண்டு ஊர் ஆட்களோடு வேனில் வருகிறார் என்று பதில் சொல்லிவிட்டு, அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் கையைப் பிடித்தேன். அழ மறந்துவிட்டேன்.

“ஒங்க அப்பா அனுப்புனாகளா?”

“அம்மாதான் போகச் சொன்னா.”

“அப்பா என்ன செய்தாக?”

“வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருக்காக.”

அத்தை பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். என் கையை மட்டும் விடவில்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் மாமா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் ஓரம், அத்தை நடுவில், பிள்ளை அவள் மடியில். டிக்கெட் போட வந்த கண்டக்டர் மடியில் இருந்த பிள்ளைக்கும் அரை டிக்கெட் கேட்டார். பெற்ற தகப்பனைப் பறிகொடுத்துவிட்டுப் போகிற பெண், பிள்ளைக்கு இன்னும் ஐந்து முடியவில்லை என்று அவரோடு சளைக்காமல் வாதாடி ஜெயித்தாள். எனக்கு அத்தையை ரொம்பப் பிடித்துப்போனது.

வண்டி ஊரைத் தாண்டியதும் அத்தையின் உதடு அசைய ஆரம்பித்தது. சாமி கும்பிடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டித் தட்டி, ஒரு வரியைச் சொல்லி, தலையை ஆட்டி, மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொடி படர... கொடி படரக் கொம்பு... முடி எறக்கி... பஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. இது எங்கள் வகுப்பு விளையாட்டு.

“கொடிக்கு முடி,” என்றேன். “எதுகை.”

அத்தை திரும்பிப் பார்த்தாள். “ஒனக்கு இது தெரியுமாட்டி?”

“எங்க கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்.”

“அப்போ சொல்லு. கொடி வந்திருச்சு, முடி வந்திருச்சு. இன்னும் என்ன வரும்?”

இதற்காகத்தானே நான் பிறந்ததே. “படி, செடி, நொடி, தடி, வெடி, குடி, மடி,” என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, சாக்பீஸுக்குக் கை நீட்டுகிறவள் போல அவளைப் பார்த்தேன்.

“மடி,” என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அவள் விரல் கம்பியில் தட்டவில்லை. மாமன் மடி, மாமன் மடி என்று இரண்டு மூன்று தடவை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். என்னைத் தாண்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மலை எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. அவள் மடியில் பிள்ளை தூங்கிவிட்டது. காதில் பொட்டு மாதிரி ஒரு கம்மல், நகராமல் இருந்தது. நான் அத்தனை சொல் சொல்லியும் அத்தை ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டாளே என்று எனக்குக் கொஞ்சம் குறைதான். இருந்தாலும் அவளுடைய பாட்டில் என் சொல் ஒன்று வரப்போகிறது. மில்லு ஆட்கள் எல்லோரும் கேட்கப்போகிறார்கள். வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று எனக்குக் கால் துடித்தது.

எங்கள் தெரு முனையில் அத்தை பிள்ளையை மாமாவிடம் கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அடுத்த கணம் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், என் கையிலிருந்த அவள் கை எங்கே போனது என்றே தெரியவில்லை. “அய்யா” என்ற ஒரே சொல். அந்த ‘ய்யா’வை அவள் முனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டே ஓடினாள். கொஞ்ச நேரம் முன்னால் அரை டிக்கெட்டுக்கு வாதாடியவள் இவள்தானா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. கொட்டு அடிக்கிறவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அம்மா எதிரே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். நான் எப்படியோ அத்தைக்கு எதிரில் இடம் பிடித்துவிட்டேன்.

அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடை நின்றுபோயிருந்தது.

முதலில் அத்தை தாத்தாவைத்தான் பாடினாள். மலையடிவாரத்து மாமரம் என்றாள். மற்றவர் வீட்டு மாடும் மழைக்கு ஒதுங்குகிற மரம் என்றாள். தாத்தா அப்படி ஒன்றும் பெரிய தாராளக்காரர் இல்லை. எங்கள் தோட்டத்துக்குள் யார் மாடாவது வந்தால் கல்லெடுத்து எறிகிறவர்தான். ஆனால் ‘மலை, மரம், மாடு, மழை’ என்று அவள் ஒவ்வொரு அடியையும் ‘ம’வில் எடுக்கும்போது ஏதோ நடந்தது. ‘அய்யா’ என்று வாய் அகலத் திறந்து அழுகிறவள், ‘ம’ வந்ததும் உதட்டை மூட வேண்டியிருந்தது. அழுகையை அடக்குகிறவர்கள் வாயும் அப்படித்தானே மூடும். திறப்பதும் மூடுவதுமாக நாலு அடி போவதற்குள், தாத்தாவின் முகத்தையே பார்த்திராத பக்கத்துத் தெருப் பெண்கள்கூட விம்ம ஆரம்பித்துவிட்டார்கள். கல்லெறிந்த தாத்தா எனக்கே மறந்துபோய், மரம்தான் கண்ணில் நின்றது. நானும் அப்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக, அழுதேன்.

பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அழுகையை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கொடி படரக் கொம்பு வச்சீக அய்யா
குருவி அடையக் கூடு வச்சீக அய்யா

தோளில் தோள் போட்டிருந்த பெண்களின் ஆட்டம் மெதுவானது. பந்தலில் பேச்சு அடங்கியது. ஒரு பெரியவர் டீத் தம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இதுதான் அந்த இடம் என்று.

முடி எறக்கி எம்மக நின்னா அய்யா
முகம் பாத்து உக்கார மாமன்...

அங்கே நின்றுவிட்டாள்.

அத்தை தலையைத் தூக்கியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, பந்தல் காலின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அத்தையின் வாய் மூடித்தான் இருந்தது. திறக்கவில்லை. கொடி, முடி என்று இரண்டு படி ஏறி வந்த பாட்டு மூன்றாம் படியில் கால் வைக்காமல் அந்தரத்தில் நின்றது. அந்த வட்டத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் வாயிலும் அந்தச் சொல் வந்து நின்றிருக்க வேண்டும். யாரும் வெளியே விடவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இவ்வளவு தூரம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, முக்கியமான இடத்தில் அத்தை மறந்துவிட்டாளே. எங்கள் வகுப்பில் இவ்வளவு நேரம் விட்டால் சாக்பீஸ் வேறு யாருக்காவது போய்விடும்.

“மடி,” என்று கத்தினேன்.

வெளியே தெருவில் போன சைக்கிள் மணிச் சத்தம்கூடக் கேட்டது. அம்மாவின் கை எங்கிருந்தோ வந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது. அந்தக் கிள்ளலின் கன்றிப்போன தடம் ஒரு வாரம் இருந்தது. பந்தலில் மில்லு ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தங்கள் கால் விரல்களில் ஏதோ வேலை வந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். பிறகு கண்ணை மூடி, ‘அய்யா’ என்று மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை வேறு எழுத்தில் தொடங்கி, தாத்தா உழுத வயலையும் தாத்தாவின் தடியையும் பாடினாள். அந்தப் பக்கமே அதற்குப் பிறகு போகவில்லை.

நான் சொன்னது சரியான விடை. அதற்கு எதற்குக் கிள்ள வேண்டும் என்பது அன்று முழுக்க என்னுடைய ஆத்திரமாக இருந்தது. வீட்டின் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு யாரோடும் பேசாமல் இருந்தேன். நீர்மாலை என்று குடங்களில் தண்ணீர் எடுத்து வந்தார்கள், தாத்தாவைக் குளிப்பாட்டினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். கொட்டுச் சத்தம் தெரு முனையைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்குப் பேர் எதுவும் ஒட்டவில்லை. அத்தை வாயால் அந்தச் சொல் வரவில்லை. வந்தது வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து, அதுவும் கணக்குப் பாடத்துக்கு விடை சொல்கிற குரலில். பாட்டில் கட்டாத சொல் எங்கள் தெருவில் நிற்காது என்று முதலிலேயே சொன்னேன். பேர் ஒட்டியது எனக்குத்தான். வாயாடிப் பெண்கள் எல்லோருக்கும் தெருவில் ஒரு பேர் இருக்கும் இல்லையா, எனக்கு ‘எடுத்துக்கொடுத்தவள்’. நான் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அந்தப் பேர்தான்.

சாயங்காலம் ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார்கள். பந்தலில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அப்பா ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மொட்டை அடித்திருந்தார். மீசையும் இல்லை. சூப்பர்வைசர் எங்கே போனார் என்று தெரியவில்லை. யாரோ கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். கிள்ளு வாங்கிய அன்று யாரும் பக்கத்தில் கூப்பிடாமல் நானாகப் போவதில்லை என்று வைராக்கியம்.

அத்தை மகள் முற்றத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் யாரோ அதற்கு, அதான் உன் மாமா என்று காட்டியிருந்தார்கள். அது பெஞ்சு வரை வந்தது. ஒரு கையால் தன் காதைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தது.

“மாமா, ஒங்களுக்கும் காது குத்தப் போறாகளா?”

அப்பா நிமிர்ந்தார். காப்பித் தம்ளரைத் தரையில் வைத்தார். ஒரு கணம் கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போல இருந்தார். பிறகு குனிந்து பிள்ளையைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அது காலை ஆட்டிக்கொண்டு அவர் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தது. அவர் அதன் காதைத் தொட்டார், கம்மல் இருந்த இடத்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் இடம். நான் பெரியவளாகிவிட்டேன், அது வேறு விஷயம், ஆனாலும் என் இடம். வைராக்கியத்தை விட்டுவிட்டு ஓடிப்போய் இந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா என்னை விலக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வீடு கழுவின வாளியோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வாளியைக் கீழே வைத்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அத்தனை பேரை அழவைத்தவள், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதாள். ‘அய்யா’ இல்லை, மரம் இல்லை, குருவி இல்லை. ஒரு சொல்கூட இல்லை. வெறும் சத்தம்தான் வந்தது, அதுவும் விட்டு விட்டு.

அத்தைக்கு மறுபடியும் பாட்டு மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். கிள்ளினால் கிள்ளட்டும் என்று எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து எனக்கும் ஒரு சொல் வரவில்லை.